பெரம்பூர் டு சைபீரியா... வழியனுப்ப வர்றீங்களா?

மார்ச், ஏப்ரல் வந்தா ஃபைனல் இயர் மட்டும்தான் கிளம்பும்னு நினைச்சீங்களா? உங்க தலைக்கு மேல இன்னொரு பேட்ச்சும் மூட்டை கட்டுது பாஸ்!

மார்ச் மாசம் உங்க காலேஜ் எப்படி இருக்கும்னு சொல்லவே வேண்டாம். ஃபைனல் இயர் பசங்க புராஜெக்ட் ரிப்போர்ட்டைத் தூக்கிக்கிட்டு பைண்டிங் கடைக்கு ஓடுவாங்க. ஃபேர்வெல்லுக்கு எந்தக் கலர் புடவைன்னு ஒரு பக்கம் பஞ்சாயத்து நடக்கும். நாலு வருஷம் முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போனவங்க திடீர்னு பாசமாகி, 'மறக்காம போன் பண்ணு மச்சி'ன்னு கண் கலங்குவாங்க.

அதே நாட்கள்ல பெரம்பூர் ரயில்வே குடியிருப்பு மரங்கள்ல, காசிமேட்டுப் படகுகளுக்கு மேல, எண்ணூர் முகத்துவாரச் சேத்துல இன்னொரு பேட்ச் கிளம்பத் தயாராகுது. அவங்களுக்கு ஃபேர்வெல் கிடையாது. குரூப் போட்டோ கிடையாது. இன்னிக்கு இருப்பாங்க, நாளைக்கு இருக்க மாட்டாங்க. ஆறு மாசம் நம்ம ஏரியாவுலயே சாப்பிட்டுத் தூங்கின ஆளு போயிட்டாரேன்னு கவனிக்கக்கூட யாரும் இல்லை.

யாரைச் சொல்றோம்னு புரிஞ்சிருக்கும். வலசைப் பறவைகள்!

அங்கே வரவேற்பு... இங்கே வழியனுப்பு!

அமெரிக்காவில் ராபின்னு ஒரு பறவை இருக்கு. ஏறக்குறைய நம்ம மைனா சைஸ், செங்கல் நிறத்துல நெஞ்சு. குளிர்காலம் முடிஞ்சு அது தோட்டத்துப் புல்தரையில் வந்து இறங்கினா, வசந்தம் வந்தாச்சுன்னு அர்த்தம். 'முதல் ராபின் வந்தாச்சு'ன்னு பள்ளிக்கூடப் பிள்ளைங்க முதல் தாத்தா பாட்டி வரை அங்கே தேதி குறிச்சு வைப்பாங்க.

இது இன்னிக்கு நேத்து வந்த பழக்கம் இல்லை. 1881-ல் வெல்ஸ் குக் என்பவர், 'உங்க ஊருக்கு எந்தப் பறவை என்னிக்கு வந்துச்சுன்னு எழுதி அனுப்புங்க'ன்னு பறவை ஆர்வலர்களைக் கேட்க ஆரம்பிச்சார். 1970 வரைக்கும் ஆளுங்க எழுதிக்கிட்டே இருந்தாங்க. சேர்ந்த அட்டைகள் எத்தனை தெரியுமா? சுமார் 60 லட்சம்! அந்த அட்டைகளை இன்டர்நெட் காலத்துல தன்னார்வலர்களே உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏத்த ஆரம்பிச்சாங்க.

நம்ம ஊர்லயும் பேருல ராபின் வெச்சிருக்கிற ஒரு ஆளு உண்டு. இங்கிலீஷ்ல 'மேக்பை ராபின்', தமிழ்ல குண்டுக்கரிச்சான். கறுப்பு வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு விடியக்காலையில பிரமாதமா பாடும். ஆனா அது இங்கேயே பொறந்து இங்கேயே வளர்ற லோக்கல் பார்ட்டி. நம்ம விருந்தாளிகள் வேற. அவங்க டைம் டேபிளே தலைகீழ்!

வடக்கே குளிர் ஆரம்பிக்கும்போது இங்கே வருவாங்க. ஆவணி, புரட்டாசியில ஒண்ணு ரெண்டா வந்து, ஐப்பசி அடைமழை நேரத்துல கூட்டமா சேருவாங்க. பங்குனி, சித்திரையில கிளம்பிடுவாங்க. ஆக, உலகத்தோட அந்தக் கோடியில் 'வந்துடுச்சு'ன்னு கொண்டாடுற அதே வசந்தத்துக்கு, இந்தக் கோடியில் பேரு 'போயிடுச்சு'. அங்கே அரைவல் லவுஞ்ச், நம்மளுது டிபார்ச்சர் கேட்.

பெரம்பூருக்கு இது புதுசும் இல்லை. 1955-ல் ஐ.சி.எஃப். தொடங்கினதிலிருந்து இங்கே செஞ்ச ரயில் பெட்டிகள் ஊர் ஊரா கிளம்பிப் போய்க்கிட்டேதான் இருக்கு. வழியனுப்புறது நம்ம ஏரியாவுக்குப் பழகின வேலைதான்!

புலவர் கொடுத்து அனுப்பிய தகவல்

'அதெல்லாம் சரி... போற பறவையைப் பார்த்து என்ன ஆகப்போகுது?'ன்னு கேட்கிறீங்களா? சத்திமுத்தப் புலவரைக் கேளுங்க. ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க. கும்பகோணம் பக்கத்துல சத்திமுத்தம்தான் அவருக்கு ஊர். பிழைப்புத் தேடி மதுரைக்கு வந்து, போர்த்திக்கத் துணியில்லாம குளிர்ல நடுங்கிக்கிட்டிருக்கார். மேலே ஒரு நாரை பறக்குது. 'ஊர்ப்பக்கம் போனா என் பெண்டாட்டிகிட்ட என் நிலைமையைச் சொல்லு'ன்னு அதுகிட்ட தகவல் கொடுத்து விடறார்.

அதுல ஒரு விஷயத்தை நாம பெரும்பாலும் கவனிக்கிறதே இல்லை. நாரை குமரிக்கு வரும்போது சொல்லச் சொல்லலை. குமரிக்கு வந்துட்டு ஜோடியோட வடக்கே திரும்பிப் போகும் பயணத்துல சொல்லச் சொல்றார்! அதாவது, தெற்கே வர்ற பறவை ஒரு நாள் வடக்கே திரும்பும், அந்தப் பாதையில நம்ம ஊர் இருக்குன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. கையில பைனாகுலர் இல்லை, கூகுள் மேப் இல்லை. வானத்தைப் பார்க்கிற பழக்கம் இருந்துச்சு, அவ்வளவுதான்.

பொழுது போகலைன்னு எழுதிய டைரி

இப்போ ஒரு காலேஜ் பையன் கதை. 1972-ல் ரட்கர்ஸ் பல்கலைக்கழக மாணவரா இருந்த பில்லி பார், அமெரிக்காவின் கொலராடோ மலையில காதிக்னு ஒரு இடத்துக்கு வந்தார். ஒரு காலத்துல சுரங்க ஊர், அப்புறம் ஜனங்க காலி பண்ணிட்டுப் போயிட்ட இடம். குளிர்காலத்துல வீடு மூழ்குற அளவுக்குப் பனி. பேச்சுத்துணைக்கு ஆளில்லை. பொழுது போகணுமே? இன்னிக்கு எவ்வளவு பனி விழுந்துச்சு, எந்தப் பறவையை முதல்ல பார்த்தோம், தூக்கம் கலைஞ்சு எந்தப் பிராணி வெளியே வந்துச்சுன்னு நோட்டுல எழுத ஆரம்பிச்சார். ஆராய்ச்சி பண்ணணும்னு எல்லாம் இல்லை. சும்மா. ஆனா விடாம, வருஷக்கணக்கா எழுதினார்.

பின்னாடி டேவிட் இனோயேங்கிற உயிரியல் விஞ்ஞானி கண்ணுல அந்த நோட்டுகள் பட்டுச்சு. 2000-ல் அவரும் மத்தவங்களும் எழுதின ஆய்வுக்கட்டுரைக்கு அந்தக் கையெழுத்துத்தான் ஆதாரம். அதுல என்ன தெரிஞ்சுது? 1981-ல் வந்ததைவிட 1999-ல் ராபின்கள் 14 நாள் முன்கூட்டியே மலைக்கு வந்துட்டிருந்தாங்க. கீழே பூமி சூடாகிடுச்சு, அதனால சீக்கிரம் கிளம்பிட்டாங்க. ஆனா மேலே பனி அவ்வளவு சீக்கிரம் உருகலை. வந்து இறங்கின ராபின், தரை தெரியறதுக்குக் காத்திருக்க வேண்டிய நாள் 18 கூடிப்போச்சு. தரை தெரியாம புழு எப்படிக் கிடைக்கும்?

'வானிலை மாறுது'ன்னு நாம மொட்டையா சொல்ற விஷயத்துக்கு, 14 நாள், 18 நாள்னு கணக்கு சொன்னது எது? ஒரு பையன் பொழுது போகாம எழுதின தேதிகள்!

முதல் நாள் ஈஸி... கடைசி நாள்தான் பேஜார்!

ஒரு பறவை வந்த நாளைக் குறிக்கிறது சுலபம். நேத்து இல்லை, இன்னிக்கு இருக்கு. பார்த்த உடனே, 'அட, வந்தாச்சு!'ன்னு எழுதிடலாம்.

ஆனா போன நாளை எப்படிக் குறிப்பீங்க? ஏப்ரல் 10-ம் தேதி பார்க்கிறீங்க. அதுதான் கடைசித் தரிசனம்னு அன்னிக்கு உங்களுக்குத் தெரியாது. 11 அன்னிக்குக் காணோம். ஒருவேளை பக்கத்துத் தெருவுக்குப் போயிருக்கலாம். 12, 13, 14... காணோம். 20-ம் தேதி வாக்கில்தான், 'ஓ, அந்த பத்தாம் தேதிதான் கடைசியா?'ன்னு புரியும். ஃபேர்வெல் அன்னிக்கு 'பார்க்கலாம்டா'ன்னு சாதாரணமா கையைத் தட்டிட்டுப் போன நண்பனை அப்புறம் பார்க்கவே இல்லைங்கிற மாதிரிதான் இதுவும்.

அதனாலதான் உலகம் பூரா வந்த தேதி ஏராளமாவும், போன தேதி கம்மியாவும் இருக்கு. போன தேதி வேணும்னா பறவையைப் பார்த்த நாளை மட்டும் எழுதினா போதாது. 'இன்னிக்குப் பார்த்தேன், காணோம்'ங்கிறதையும் எழுதணும். டெய்லி அதே வழியில போய் வர்ற ஆளாலதான் அது முடியும். டெய்லி அதே வழியில போற ஆளு யாரு? எக்ஸாம் ஹாலுக்கும் லைப்ரரிக்கும் நடக்கிற நீங்கதான்!

நம்ம நாட்டிலும் இதுக்கு முயற்சி நடந்திருக்கு. 2007-ல் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையம் (என்.சி.பி.எஸ்.) 'மைக்ரன்ட்வாட்ச்' திட்டத்தை ஆரம்பிச்சுது. வலசைப் பறவைகள் உங்க ஊருக்கு வந்த முதல் நாளையும் கிளம்பின கடைசி நாளையும் சொல்லுங்கன்னு பொதுமக்களைக் கேட்டாங்க. இப்போ அந்த வேலையை 'இ-பேர்ட்' தளம் மூலமா 'பேர்ட் கவுண்ட் இந்தியா' குழு செய்யுது.

2023-ல் வெளியான 'ஸ்டேட் ஆஃப் இண்டியாஸ் பேர்ட்ஸ்' அறிக்கை அப்படிச் சேர்ந்த பதிவுகளை வெச்சுத்தான் தயாராச்சு. 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டவங்க கொடுத்த சுமார் 3 கோடி பதிவுகள். அதுல பெரும்பாலானவங்க உங்களை, என்னை மாதிரி சாதாரண ஆளுங்க. அந்த அறிக்கை சொன்ன கசப்பான சேதி: வெகு தூரத்திலிருந்து வலசை வர்ற பறவைகள், முக்கியமா நீர்க்கரையில் நடந்து இரை தேடுற பறவைகள், வேகமா குறைஞ்சுக்கிட்டு வருது.

கிளம்பறதுக்கு முன்னாடி மேக்கப்!

சரி, யாரையெல்லாம் வழியனுப்பணும்? பெரம்பூரை மையமா வெச்சு ஒரு ரவுண்டு போகலாம்.

காசிமேடு: மீன்பிடித் துறைமுகத்துல படகு கரைக்கு வரும்போது கூடவே வெள்ளையா ஒரு கூட்டம் கூச்சல் போட்டுக்கிட்டு வருமே, கடற்காகம். அதுல முக்கியமான ஆளு பழுப்புத்தலைக் கடற்காகம். டிசம்பர்ல பார்த்தா தலை வெள்ளையாத்தான் இருக்கும், கண்ணுக்குப் பின்னாடி மை தடவின மாதிரி ஒரு பொட்டு மட்டும். 'எங்கய்யா பழுப்புத்தலை?'ன்னு சண்டைக்குப் போகாதீங்க. பிப்ரவரி, மார்ச்சுல பாருங்க. தலை முழுக்க காபிப்பொடி கலருக்கு மாறும். திபெத், லடாக் பக்கம் உயரமான ஏரிகள்ல போய் ஜோடி சேரணும் இல்லையா, அதான் மேக்கப்! ஏப்ரல் 15-ல் விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை ஆரம்பிக்கும். படகு ஓய்வெடுக்கப் போற அதே சீசன்ல கடற்காகமும் ஊருக்குக் கிளம்பிடும்.

எண்ணூர்: கொசஸ்தலை ஆறு கடல்ல சேர்ற முகத்துவாரம். தண்ணி வத்தின நேரத்துல சேத்துமேல குட்டிக் குட்டியா ஓடும் உள்ளான்களைப் பாருங்க. கொசு உள்ளான்னு ஒண்ணு. பேருக்கேத்த மாதிரி சிட்டுக்குருவி எடைதான் இருக்கும். அது முட்டையிடப் போறது ஆர்க்டிக் பிரதேசத்துக்கு! அலகு வளைஞ்ச இன்னொரு உள்ளான் குளிர்காலம் முழுக்கச் சாம்பல் கலர்ல யாரும் கண்டுக்காத மாதிரி இருக்கும். ஏப்ரல்ல செங்கல் சிவப்புக்கு மாறும். பசிபிக் பொன் உப்புக்கொத்தி இன்னும் ஒரு படி மேலே. வெளுத்த வயிறு மெல்ல மெல்லக் கறுப்பாகி, தலையிலிருந்து உடம்போரமா வெள்ளை பார்டர் போட்டு, கோட் சூட் மாட்டின மாப்பிள்ளை மாதிரி நிற்கும். இதுங்க எல்லாம் போற இடம் சைபீரியாவின் வடகோடி.

பெரம்பூர்: பைனாகுலர்கூட வேண்டாம். காம்பவுண்டு ஓரப் புதர்ல, முருங்கை மரத்துல, ஆள் தெரியாம 'ட்செக்... ட்செக்...'னு கூழாங்கல் ரெண்டைத் தட்டுற மாதிரி சத்தம் வந்தா அது நாணல் கதிர்க்குருவி. எடை சுமார் 12 கிராம். பின்லாந்திலிருந்து மத்திய ஆசியா வரைக்கும் பரவிக் கூடு கட்டுற இந்தக் குருவி இனம், குளிர்காலத்துக்கு ஏறக்குறைய மொத்தமா இந்தியத் துணைக்கண்டத்துக்குத்தான் வருது. அதாவது அதுக்கு நாம ரெண்டாவது தாய் வீடு. ஏப்ரல் கடைசியில ஒரு நாள் அந்தச் சத்தம் நிக்கும். ஃபேன் நின்னாத்தான் ஃபேன் ஓடிக்கிட்டிருந்ததே தெரியும் இல்லையா, அப்படி!

காலி மனையில, வேலி மேல, கண்ணுக்குக் கறுப்பு மாஸ்க் கட்டிக்கிட்டுத் தனியா ஒரு பழுப்புப் பறவை உட்கார்ந்து வெட்டுக்கிளி பிடிக்குதா? பழுப்புக் கீச்சான். சைபீரியா, மங்கோலியா பக்கத்து ஆளு. போன வருஷம் உட்கார்ந்த இடத்துக்கே மறுவருஷமும் திரும்பி வர்ற பழக்கம் உள்ளவர். கேன்டீன்ல நமக்குன்னு ஒரு டேபிள் இல்லையா, அந்த மாதிரி.

அப்புறம் ஆறுமணிக் குருவி. காலையிலும் சாயங்காலமும் ஆறு மணி வாக்குல கத்தும், அதனால இந்தப் பேரு. பச்சை, நீலம், மஞ்சள், சிவப்புன்னு பெயின்ட் கடையே உடம்புல இருக்கும். இந்தியில் 'நவரங்'. இது வெளிநாடு போகாது. இமயமலை அடிவாரத்துக்கும் மத்திய இந்தியாவுக்கும் போய்க் கூடு கட்டும். ஐப்பசியில வர்றப்போ பறந்து களைச்சு மொட்டை மாடியில, பால்கனியில விழுந்து கிடக்கிறது சென்னையில அடிக்கடி நடக்கும். அப்படிப் பார்த்தா காக்கா, பூனை கிட்ட வராம ஒரு அட்டைப்பெட்டியில் வெச்சு, இருட்டா, அமைதியா விட்டாலே பெரும்பாலும் தேறிடும். வாயில தண்ணி ஊத்தாதீங்க. தேறினதும் மரம் இருக்கிற இடத்துல விட்டுடுங்க. தேறலைன்னா வனத்துறைக்குச் சொல்லிடுங்க.

ஏன் போகணும்? எப்படிப் போகும்?

இவ்வளவு தூரம் ஏன் போகணும், இங்கேயே செட்டில் ஆகக் கூடாதான்னு தோணும். வடக்கே கோடைன்னா ஆர்க்டிக்ல சூரியன் மறையறதே இல்லை. 24 மணி நேரமும் வெளிச்சம், எங்கே பார்த்தாலும் பூச்சி. குஞ்சுகளுக்கு ஊட்டி வளர்க்க அதைவிட நல்ல மெஸ் வேற இல்லை. ஆனா அது சில வாரம்தான் திறந்திருக்கும். லேட்டா போனா பந்தி முடிஞ்சுடும்.

அதனால கிளம்பற நேரம் முக்கியம். பகல் நீளமாகறதை உடம்பு கணக்கு வெச்சுக்குது. ஹார்மோன் மாறுது, பசி தாறுமாறா ஏறுது. சாப்பிட்டுச் சாப்பிட்டுக் கொழுப்பா சேர்க்கும். தூரப் பயணம் போற சில உள்ளான் இனங்கள் கிளம்பறதுக்கு முன்னாடி ஏறக்குறைய ரெண்டு மடங்கு எடை போடும். பறக்கும்போது வேண்டாத சுமைன்னு குடல் மாதிரி உள்ளுறுப்புகளையே சுருக்கிக்கிற பறவைகளும் உண்டு. வழி கண்டுபிடிக்க சூரியன், நட்சத்திரம், பூமியோட காந்தப்புலம். சின்னக் குருவிகள் பெரும்பாலும் ராத்திரியில்தான் பறக்கும். நீங்க எக்ஸாமுக்கு நைட் அவுட் பண்ற நேரத்துல உங்க மாடிக்கு மேலயே ஒரு கூட்டம் போய்க்கிட்டிருக்கலாம்!

இந்த எரிபொருள் கணக்கு எவ்வளவு தூரம் தாங்கும்னா, 2022 அக்டோபர்ல பட்டைவால் மூக்கன்னு ஒரு கரைப்பறவை, அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா வரைக்கும் எங்கேயும் இறங்காம 13,560 கி.மீ. பறந்தது. 11 நாள். வயசு ஐந்தே மாசம்!

பங்க்கில் பெட்ரோல் இருக்கா?

இங்கேதான் நம்ம ஏரியா மேட்டர் வருது. கிளம்பற பறவைக்கு எண்ணூர்ச் சேறும் பழவேற்காடு ஏரியும்தான் பெட்ரோல் பங்க். சேத்துக்குள்ள இருக்கிற புழு, சிப்பி, சின்ன இறால்தான் பெட்ரோல். இங்கே டேங்க் நிரம்பலைன்னா அது கிளம்பாது, கிளம்பினாலும் போய்ச் சேராது. இங்கே ஏற்படுற நஷ்டத்தோட பில், சைபீரியாவுல முட்டையிடாத கூட்டுல தெரியும்.

அந்தப் பங்க் எப்படி இருக்கு? அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலைக் கழிமுகத்துல படிஞ்சு, ஆழமும் மீனும் குறைஞ்சு போனதை எண்ணூர் மீனவர்கள் வருஷக்கணக்கா சொல்லிக்கிட்டிருக்காங்க. 2017 ஜனவரியில் டி.எம்.கிருஷ்ணா பாடி வெளியான 'சென்னை புறம்போக்கு பாடல்' இந்த இடத்தைப் பத்தினதுதான். அதே மாசம் 28-ம் தேதி எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ரெண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டுச்சு. வாளியைத் தூக்கிக்கிட்டுப் பாறையில இறங்கி அந்தக் கறுப்புக் கூழை அள்ளினவங்கள்ல காலேஜ் மாணவர்களும் இருந்தாங்க. உங்க சீனியர்ஸ்!

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட மணலி பக்கமிருந்து வந்த எண்ணெய், பக்கிங்ஹாம் கால்வாய் வழியா கொசஸ்தலைக்கும் முகத்துவாரத்துக்கும் பரவுச்சு. மீனவர்களோட வலையும் படகும் நாசம். உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கிட்டு நின்ன கூழைக்கடாக்களோட படம் பேப்பர்ல வந்ததே, ஞாபகம் இருக்கா? இறகுல எண்ணெய் படிஞ்சா தண்ணி உள்ளே இறங்கும், உடம்புச் சூடு நிக்காது. அலகால கோதிச் சுத்தம் பண்ணப் போனா எண்ணெய் வயித்துக்குள்ள போகும்.

கூழைக்கடா பெரிய பறவை. எண்ணெய் பட்டா போட்டோவில் தெரியும். அதே டிசம்பர்ல அதே சேத்துல 25 கிராம் கொசு உள்ளான்கள் எத்தனை இருந்துச்சு, ஏப்ரல்ல எத்தனை டேங்க் நிரப்பிக் கிளம்புச்சு? அதைச் சொல்லணும்னா அதுக்கு முன்னாடி பத்து வருஷம் தேதியும் எண்ணிக்கையும் எழுதின நோட்டு ஒண்ணு வேணும். விபத்து நடந்த பிறகு 'முன்னாடி எவ்வளவு இருந்துச்சு?'ன்னு கேட்டா, கையில கணக்கு இருக்கிறவன் பேச்சுதான் நிற்கும். 'நிறைய இருந்துச்சு சார்' என்பது ஞாபகம். 'மார்ச் 23, காலை 7 மணி, 140 உள்ளான்' என்பது சாட்சி!

வழியனுப்ப என்னென்ன வேணும்?

ஒரு நோட்டு, ஒரு பேனா: தேதி, நேரம், இடம், பறவை, எண்ணிக்கை. பார்க்காத நாள்ல 'இல்லை'ன்னும் எழுதணும். அதுதான் இதுல உயிர்நாடி.

ஒரே இடம்: பத்து இடத்துக்கு ஒரு தடவை போறதைவிட, ஒரே இடத்துக்குப் பத்து தடவை போங்க. காலேஜ் கிரவுண்டு, பஸ் ஸ்டாப் பின்னாடி இருக்கிற மரம், வீட்டு மொட்டை மாடி எதுவா இருந்தாலும் ஓகே. காலையில 15 நிமிஷம் போதும்.

மூணே மூணு பறவை: எல்லாத்தையும் கத்துக்கணும்னு இறங்கினா ஒரே வாரத்துல விட்டுடுவீங்க. கீச்சான், நாணல் கதிர்க்குருவி, பழுப்புத்தலைக் கடற்காகம். இந்த மூணுல ஆரம்பிங்க.

பேரு தெரியலையா: போன்ல 'மெர்லின்' ஆப் இலவசம். குரலை வெச்சே பேரு சொல்லும், ஆனா கண்ணால பார்த்து உறுதிப்படுத்திக்கோங்க. தமிழ்ப் பேருக்கு க.ரத்னம் எழுதின 'தமிழ்நாட்டுப் பறவைகள்' உங்க லைப்ரரியில இருக்கான்னு பாருங்க. எழுதினதை இ-பேர்ட்ல ஏத்துங்க. நோட்டைத் தூக்கிப் போடாதீங்க.

டிரெயின்லயே சவாரி: பெரம்பூர்ல ஏறி பேசின் பிரிட்ஜில் இறங்கி, கும்மிடிப்பூண்டி லோக்கலுக்கு மாறுங்க. எண்ணூர் தாண்டி அத்திப்பட்டு புதுநகர் போறதுக்குள்ள ரயில் கழிமுகத்தைக் கடக்கும். ஜன்னல் வழியாவே ஒரு பார்வை பார்க்கலாம். தண்டவாளத்துல மட்டும் இறங்கி நடக்காதீங்க. துறைமுகம், மின் நிலையம் பக்கம் கேமராவை நீட்டிக்கிட்டு நிக்காதீங்க. தனியாவும் போகாதீங்க. உங்க கிளாஸ்ல எண்ணூர், காட்டுக்குப்பம் பக்கத்துப் பையன், பொண்ணு யாராவது இருப்பாங்க. அவங்களைக் கூப்பிடுங்க. தண்ணி எப்போ ஏறும், எப்போ வத்தும்னு அவங்க வீட்டுல கேட்டா தெரிஞ்சிடும்.

கூட்டணி: 1978-ல் தொடங்கின மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டியில் அனுபவசாலிகள் இருக்காங்க. ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். பிப்ரவரியில் நாலு நாள் 'கிரேட் பேக்யார்டு பேர்ட் கவுண்ட்' வரும்போது கல்லூரி வளாகங்களுக்குன்னே 'கேம்பஸ் பேர்ட் கவுண்ட்' உண்டு. உங்க காலேஜ் பேரையும் சேர்க்கலாம்.

ஒரு உஷார்: ஜூன்லயும் எண்ணூர்ல நாலு உள்ளான் நின்னுக்கிட்டிருந்தா, 'இன்னும் போகலையே'ன்னு குழம்பாதீங்க. முதல் வருஷக் குட்டிப் பறவைகள் பல, ஊருக்குப் போகாம இங்கேயே கோடையைக் கழிக்கும். அரியர் வெச்சு ஹாஸ்டல்லயே தங்கிடற கோஷ்டி எல்லா காலேஜ்லயும் உண்டுதானே! அதனால கடைசி ஆளைப் பிடிக்க அலையாம, கூட்டம் எப்போ கலைஞ்சுதுன்னு பாருங்க. அதுக்குத்தான் எண்ணிக்கை.

இந்த ஒரு வருஷத்துத் தேதி மட்டும் எதையும் நிரூபிக்காது. ரெண்டாவது வருஷம் ஒப்பிட ஒரு ஆள் கிடைக்கும். அஞ்சாவது வருஷம் ஒரு கோடு தெரியும். நீங்க பாஸ் அவுட் ஆகும்போது நோட்டை ஜூனியர்கிட்டே கொடுத்துட்டுப் போங்க. லேப் ரெக்கார்டைப் பரம்பரை பரம்பரையா காப்பியடிக்கக் கொடுக்கிறோம், இதைக் கொடுக்க மாட்டோமா?

இந்நேரம் காசிமேட்டுல தலை பழுப்பாக ஆரம்பிச்சிருக்கும். முருங்கை மரத்துல 'ட்செக்' இன்னும் கேட்கும். சைபீரியாவுக்கு டிக்கெட் எடுக்க நம்மகிட்ட காசில்லை. நாளைக்குக் காலையில ஒரு பிளாட்ஃபாரம் டிக்கெட்டாவது எடுப்போம் பாஸ்!